ஓடுதா, மூடியாச்சா? டாஸ்க்பார் சொல்லும் பதிலும் சொல்லாத பதிலும்

இன்னைக்கு எபிசோடு ரொம்பச் சின்ன விஷயத்தைப் பற்றி. உங்க லேப்டாப் ஸ்க்ரீனோட அடியில, ஒரு ஐகானுக்குக் கீழே சின்னதா ஒரு புள்ளியோ கோடோ இருக்கும் பாருங்க. "இந்த ஆப் இப்போ ஓடிட்டு இருக்கு"ன்னு சொல்ற அடையாளம். அதைப் பற்றித்தான் இன்னைக்கு முழுக்கப் பேசப் போறேன். ஏன்னு கேட்டீங்கன்னா, அம்மாவுக்கு நடந்த ஒரு விஷயம்.

அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்றாங்க. யாருக்கு எத்தனை பிளவுஸ், அளவு என்ன, அட்வான்ஸ் எவ்வளவு, எல்லாமே முன்னாடி ஒரு நோட்டுல இருந்தது. "ஏம்மா இன்னும் நோட்டு?"ன்னு கேட்டு, அதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்கு மாத்திக் கொடுத்தது நான்தான். போன தீபாவளிக்கு முன்னாடி ஒரு ராத்திரி போன். "டேய், காலையில எழுதினது ஒண்ணுமே இல்லடா. பதினோரு ஆர்டர் காணோம்."

என்ன நடந்ததுன்னு உட்கார்ந்து பார்த்தேன். காலையில ஃபைலைத் திறந்திருக்காங்க. அதுக்குள்ள ஒருத்தர் டிசைன் காட்டச் சொல்லிக் கேட்க, பிரவுசரைத் திறந்திருக்காங்க. அது முழு ஸ்க்ரீனையும் மறைச்சிடுச்சு. ஃபைல் கண்ணுக்குத் தெரியலை, அதனால மூடிடுச்சு போலன்னு நினைச்சு மறுபடி திறந்தாங்க. இப்போ ஒரே ஃபைல் ரெண்டு விண்டோவுல. ரெண்டாவதுல பதினோரு ஆர்டரையும் எழுதி, சேவ் பண்ணி, மூடினாங்க. சாயங்காலம் பிரவுசரை மூடினதும் அடியில முதல் விண்டோ அப்படியே இருந்தது. அதுல மேலே ஒரு பழைய கஸ்டமரோட அட்வான்ஸை மட்டும் திருத்தி சேவ் பண்ணாங்க. அவ்வளவுதான். காலையில் இருந்த பழைய பிரதி, புதுசு மேலே ஏறி உட்கார்ந்துடுச்சு.

பதினோரு பேருக்கும் போன் பண்ணி, மூணு பேரை மறுபடி வரச் சொல்லி அளவு எடுத்தாங்க. தீபாவளி சமயத்துல ஒரு தையற்காரருக்கு ஒரு நாள் போறதுன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். இது எந்த ஓ.எஸ்., எந்த எடிட்டர்ங்கறது முக்கியமில்லை. எதுலயும் நடக்கக்கூடியதுதான். ஆனா அம்மா சொன்ன ஒரு வார்த்தை மனசுல நின்னுடுச்சு. "எனக்கு கம்ப்யூட்டர் வரலடா."

இல்லம்மா. இது முப்பது வருஷமா கம்ப்யூட்டர் செய்றவங்களுக்கு வராத விஷயம். எப்படின்னு சொல்றேன்.

1992-ல் வந்த விண்டோஸ் 3.1-ஐ எடுத்துக்குவோம். அதில் ஒரு ப்ரோக்ராமை மினிமைஸ் செய்தால் அது ஒரு ஐகானாகச் சுருங்கி டெஸ்க்டாப்பின் அடியில் போய் உட்காரும். ப்ரோக்ராமைத் திறப்பதற்கான ஐகான்களும் ப்ரோக்ராம் மேனேஜரில் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கும். ஒரே படம். ஓர் இடத்தில் அதற்கு "என்னைத் திற" என்று அர்த்தம், இன்னோர் இடத்தில் "நான் ஏற்கெனவே ஓடிட்டிருக்கேன்" என்று அர்த்தம். அதுவும் மேலே ஒரு பெரிய விண்டோ இருந்தால் அந்த ஐகான் முழுசா மறைஞ்சிடும். என்னென்ன ஓடுதுன்னு பார்க்க கன்ட்ரோல் எஸ்கேப் அழுத்தி டாஸ்க் லிஸ்ட்டைக் கூப்பிடணும். அப்படி ஒரு கீ இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் அது உதவும்.

அடுத்த வெர்ஷனுக்காக மைக்ரோசாஃப்ட் புது ஆட்களை உட்கார வெச்சு சோதனை பண்ணிப் பார்த்தது. ஒரு விண்டோ இன்னொன்றின் பின்னால் போனால் அது தொலைஞ்சு போச்சுன்னு பலர் நினைச்சாங்க. அம்மா நினைச்ச அதே விஷயம். அந்தச் சோதனைகளுக்குக் கிடைச்ச பதில்தான் 1995 ஆகஸ்ட் 24-ல் விண்டோஸ் 95 கூட வந்த டாஸ்க்பார். திறந்திருக்கும் ஒவ்வொரு விண்டோவுக்கும் ஒரு பட்டன், பேர் எழுதி, எப்பவும் கண்ணு முன்னாடி.

நம்ம ஊர்ல வீட்டு வாசல்ல கிடக்கற செருப்பு மாதிரி. எத்தனை ஜோடி வெளியே கிடக்கோ அத்தனை பேர் உள்ளே. கதவைத் தட்டிக் கேட்கவே வேண்டாம்.

மேக் வேற வழியில் வந்தது. 1984-ல் வந்த முதல் மேக்கில் ஒரு நேரத்தில் ஓர் ஆப்தான் ஓடும். ஸ்க்ரீன் உச்சியில் இருக்கும் மெனு பார் முழுக்க அந்த ஆப்புக்குச் சொந்தம். 1985-ல் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதின ஸ்விட்சர், 1987-ல் மல்டிஃபைண்டர் எல்லாம் வந்து பல ஆப்கள் சேர்ந்து ஓட ஆரம்பிச்ச பிறகும் அந்த அடிப்படை மாறலை. அங்கே ஆப்தான் கடை, விண்டோ அதுக்கு வர்ற கஸ்டமர். கடைசி கஸ்டமர் போயிட்டாலும் கடை திறந்தேதான் இருக்கும். அதனாலதான் சிவப்பு பட்டனை அழுத்தினா விண்டோ மட்டும் மூடும், ஆப் ஓடிட்டே இருக்கும். ஷட்டரை இறக்கணும்னா கமாண்ட் க்யூ. ஆனா இதுலயும் விதிவிலக்கு உண்டு. சிஸ்டம் செட்டிங்ஸ் மாதிரி சிலது விண்டோவை மூடினாலே மொத்தமா மூடிடும். விண்டோஸ்ல இருந்து மேக்குக்கு மாறின எல்லோரும் முதல் வாரம் முழிக்கிறது இங்கேதான். நானும் முழிச்சிருக்கேன்.

கடை திறந்திருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் புள்ளி. இதுல ஒரு சுவாரசியம் இருக்கு. இன்னைக்கு மேக்கில் இருக்கும் டாக்கின் மூதாதை, ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியே போய் ஆரம்பித்த நெக்ஸ்ட் நிறுவனத்தின் நெக்ஸ்ட்ஸ்டெப். அதில் ஐகான் மேல் மூணு புள்ளி இருந்தால் அந்த ஆப் ஓடவில்லை என்று அர்த்தம். ஓட ஆரம்பித்தால் புள்ளிகள் போயிடும். 2001-ல் மேக் ஓ.எஸ். எக்ஸ் வந்தபோது அப்படியே தலைகீழ். ஓடினால் கீழே ஒரு கறுப்பு முக்கோணம். 2007-ல் அது ஒளிரும் புள்ளியானது, 2014-ல் சாதாரணப் புள்ளியானது.

அப்புறம் 2009-ல் விண்டோஸ் 7. திறக்கறதுக்கான ஐகானும் ஓடறதுக்கான பட்டனும் ஒரே இடத்துக்கு வந்தது. ஓடினால் ஐகானைச் சுற்றி ஒரு பெட்டி தெரியும். அதே ப்ரோக்ராமில் மூணு விண்டோ இருந்தால் பெட்டியின் ஓரம் அடுக்கடுக்காகத் தெரியும். இடம் மிச்சம், பார்க்கவும் அழகு. ஆனா ஒரு குடும்பத்துச் செருப்பை எல்லாம் ஒரே பையில போட்டு வாசல்ல மாட்டின மாதிரி. உள்ளே ஒருத்தரா மூணு பேரான்னு உத்துப் பார்க்கணும். விண்டோஸ் 7-ல் வேண்டாம்னா பிரிச்சு வெச்சுக்கலாம். 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் அந்த ஆப்ஷனையே எடுத்துட்டாங்க. ஜனங்க கேட்டுக் கேட்டு, 2023-ல் திருப்பிக் கொடுத்தாங்க.

இப்போ 2011-க்கு வாங்க. ஐபோன் வந்து நாலு வருஷம். போன்ல யாரும் "ஆப் ஓடுதா"ன்னு கேட்கறதில்லை, தேவைன்னா தொடறோம், வந்துடுது. அதை அப்படியே டெஸ்க்டாப்புக்குக் கொண்டு வர ஆப்பிள் முயற்சி பண்ணியது. அந்த வருஷம் வந்த லயன் வெர்ஷனில் டாக்கில் இருக்கும் புள்ளியை மறைக்க ஓர் ஆப்ஷன் வந்தது. விண்டோ எதுவும் இல்லாமல் சும்மா இருக்கும் ஆப்பை சிஸ்டமே சத்தமில்லாமல் மூடும் வசதியும் வந்தது. அதே 2011-ல் லினக்ஸ் பக்கம் க்னோம் 3 டாஸ்க்பாரையே தூக்கிட்டாங்க, மினிமைஸ் பட்டனையும் சேர்த்து.

இதைக் கேட்டா கோபம் வரும். ஆனா லயன் விஷயத்துல ஒண்ணைக் கவனிங்க. புள்ளியை மறைக்கிற அதே வெர்ஷனில் ஆட்டோ சேவ் வந்தது. பழைய பிரதிகளுக்குத் திரும்பிப் போகிற வசதி வந்தது. விட்ட இடத்திலிருந்து திறக்கும் வசதி வந்தது. அதாவது, "ஓடுதா இல்லையான்னு நீ கவலைப்படாதே, எது நடந்தாலும் உன் வேலை போகாது, அதுக்கு நான் பொறுப்பு." இது நியாயமான பேரம். பிரச்சினை என்னன்னா, அந்த வசதிகளுக்கு ஏத்த மாதிரி எழுதின ஆப்களுக்கு மட்டும்தான் இந்தப் பேரம் செல்லும். மத்ததெல்லாம் பழைய மாதிரியே.

இன்னைக்குப் பல இடத்துல நடக்கறது பேரத்தோட முதல் பாதி மட்டும். மறைக்கிறாங்க, பொறுப்பு எடுத்துக்கறதில்லை. எக்ஸை அழுத்தறோம், ஆப் மூடாமல் கடிகாரத்துக்குப் பக்கத்துல இருக்கும் சின்ன அம்புக்குறிக்குள்ள போய் ஒளிஞ்சுக்குது. பேட்டரி ஏன் இறங்குதுன்னு நாம ஸ்க்ரீன் பிரைட்னஸைக் குறைச்சிட்டு இருப்போம்.

இன்னொரு நிலைமையும் இருக்கு. செருப்பு வாசல்ல கிடக்கு, தட்டினா பதில் இல்லை. விண்டோஸ்ல ஒரு ப்ரோக்ராம் அஞ்சு செகண்டுக்கு மேல் சிஸ்டத்துக்குப் பதில் சொல்லலைன்னா தலைப்புல "நாட் ரெஸ்பாண்டிங்"னு விழும். அது செத்துடுச்சுன்னு அர்த்தமில்லை. உள்ளே ஒரு பெரிய ஃபைலை சேவ் பண்ணிட்டு இருக்கலாம். நாம அவசரப்பட்டு டாஸ்க் மேனேஜர்ல எண்ட் டாஸ்க் போட்டா, சேவ் ஆகாத வேலை போயே போச்சு. முடிஞ்சவரை ஒரு டீ குடிச்சிட்டு வந்து பாருங்க.

இப்போ ஒரு பாவமன்னிப்பு. நான் வேலை செஞ்ச ஒரு டீம்ல டெஸ்க்டாப் ஆப் ஒண்ணு பண்ணோம். "எக்ஸ் அழுத்தினா மூட வேண்டாம், ட்ரேக்குப் போகட்டும்"னு முடிவாச்சு. அந்தக் கோடு எழுதினது நான்தான். ரிவ்யூல ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கலை. எனக்கும் தோணலை. அம்மா "எனக்கு கம்ப்யூட்டர் வரல"ன்னு சொன்ன அன்னைக்குத்தான் அந்த நாலு வரி ஞாபகம் வந்தது. எத்தனை வீட்டுல எத்தனை பேர் அதே மாதிரி தன் மேலேயே பழி போட்டிருப்பாங்க? அடுத்த ரிலீஸ்ல மாத்தினோம். முதல் தடவை எக்ஸ் அழுத்தும்போது கேட்கும்: "மூடவா, பின்னணியில் ஓடவா?" சின்ன டயலாக்தான்.

நம்ம கேட்கறவங்கள்ல நிறைய பேர் சாஃப்ட்வேர்ல இருக்கீங்க. அதனால ஒரே ஒரு விஷயம். ஓடுதா மூடியாச்சான்னு யூசர்கிட்ட மறைக்கணும்னா, தாராளமா மறைங்க. ஆனா அவங்க எழுதின ஒரு வரிகூடப் போகாதுன்னு உறுதி கொடுத்த பிறகு மறைங்க. ஒரே ஃபைல் ரெண்டாவது தடவை திறந்தா, ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோவை முன்னாடி கொண்டு வாங்க. வேற இடத்துல ஃபைல் மாறியிருந்தா, சேவ் பண்ணும் முன் சொல்லுங்க. அந்த ஒரு எச்சரிக்கை இருந்திருந்தா பதினோரு ஆர்டரும் தப்பிச்சிருக்கும்.

மத்தவங்களுக்கு, இந்த எபிசோடு முடிஞ்சதும் விண்டோஸ்ல ஆல்ட் டேப், மேக்ல கமாண்ட் டேப் ஒரு தடவை அழுத்திப் பாருங்க. எக்ஸ் போட்டு மூடினதா நீங்க நினைச்சதுல எது இன்னும் உயிரோட இருக்குன்னு தெரியும். விண்டோஸ்ல அந்த அம்புக்குறிக்குள்ளயும் எட்டிப் பாருங்க. வீட்டுல அம்மா, அப்பா கம்ப்யூட்டர்ல விண்டோக்களைப் பிரிச்சுக் காட்டற ஆப்ஷன் இருந்தா ஆன் பண்ணிக் கொடுத்துட்டு வாங்க.

அம்மா இப்போ என்ன பண்றாங்கன்னு கேட்கறீங்களா? மாறினதும் எச்சரிக்கிற ஒரு எடிட்டர் போட்டுக் கொடுத்தேன். நல்லா இருக்குன்னு சொன்னாங்க. தையல் மெஷின் பக்கத்துல பழைய நோட்டும் திரும்ப வந்துடுச்சு. "அது திறந்திருக்கா மூடியிருக்கான்னு பார்த்தாலே தெரியுதுடா"ங்கறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.