எபிசோட் 31: காலைல 7.7, சாயங்காலம் 8.2

இந்த வாரம் கோடிங் கிடையாது. எங்க வேளச்சேரி வீட்டு ஹால்ல இருக்கிற உப்புத்தண்ணி மீன் தொட்டியைப் பத்திப் பேசப் போறேன். 150 லிட்டர். ஒரு ஜோடி க்ளவுன்ஃபிஷ், அதாங்க நீமோ, ரெண்டு க்ளீனர் இறால், கொஞ்சம் நத்தை. பவளம் கிடையாது. நம்ம நாட்டுல கல் பவளங்கள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது, அதனால அந்தப் பக்கமே போகல.

இப்போ ரெண்டு இறால்ல ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு செத்ததுக்குக் காரணம் நான்தான். அந்தக் கதைதான் இன்னைக்கு.

முன்னாடி எல்லாம் வாரத்துக்கு ஒரு நாள், சாயங்காலம், டெஸ்ட் கிட்ல பிஹெச் பாப்பேன். எப்பவும் 8.2. கடல் தண்ணியே சுமார் 8.1தான், அதனால நிம்மதியா இருந்தேன். டிசம்பர்ல ஒரு ப்ரோப் வாங்கி, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை லாக் பண்ண ஆரம்பிச்சேன். நிம்மதி போச்சு. சாயங்காலம் 8.2, விடியக்காலைல 7.7! பிஹெச் ஒரு லாக் ஸ்கேல். 0.5 இறங்கினா, ஹைட்ரஜன் அயனி மூணு மடங்குக்கு மேல கூடியிருக்குன்னு அர்த்தம்.

ஏன் இறங்குது? பகல்ல லைட் எரியும்போது பாசி ஒளிச்சேர்க்கை பண்ணி கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கும், பிஹெச் ஏறும். லைட் அணைஞ்சா அது நின்னுடும். மீன், பாசி, பாக்டீரியா எல்லாம் மூச்சு மட்டும் விடும். அது தண்ணியில கரைஞ்சு கார்பானிக் அமிலமாகும், பிஹெச் இறங்கும். தினமும் 0.2, 0.3 ஆடுறது சகஜம். என் தொட்டியில மட்டும் ஏன் 0.5-னு நான் கேட்டிருக்கணும். கேக்கல.

அதுக்குப் பதிலா தினமும் ஆபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி சோடா ஆஷ் கரைச்சு ஊத்தினேன். பிஹெச் டக்குனு ஏறும், சந்தோஷமாக் கிளம்பிடுவேன். மறுநாள் காலைல திரும்ப விழுந்திருக்கும். மெமரி லீக் ஆகிற சர்வீஸைக் கண்டுக்காம தினமும் ரீஸ்டார்ட் பண்ற மாதிரி. ஆல்கலினிட்டியை ஒரு தடவைகூட அளக்கல.

பத்தாவது நாள் தொட்டி பால் மாதிரி கலங்கிடுச்சு. அளந்து பாத்தா, 8 டிகேஹெச்ல இருக்க வேண்டியது 14. அதிகமான கார்பனேட் கால்சியத்தோட சேர்ந்து வெள்ளைப் பொடியா இறங்கியிருக்கு. சாயங்காலம் வந்தா, பம்ப் அந்தப் பொடியில சிக்கி நின்னுருந்துச்சு. இறால் ஒரு மூலையில கவிழ்ந்து கிடந்துச்சு. 7.7 அதைக் கொல்லல. நான் ஊத்தினதுதான் கொன்னுது.

கொஞ்சம் கொஞ்சமா தண்ணி மாத்தி 8-க்குக் கொண்டு வந்தேன். காலைல பிஹெச் திரும்பவும் 7.7. அந்த நிலைமையிலதான் பொங்கலுக்கு எல்லாரும் திருநெல்வேலி போனோம். மூணு நாள் வீடு பூட்டி. லைட் டைமர் அதே, ஆட்டோ ஃபீடர் அதே. போன்ல கிராஃப் பாத்தா காலைல 8.0! தொட்டியில எதுவுமே மாறல. வீட்டுல நாங்க நாலு பேர் இல்ல, அவ்வளவுதான்.

அப்பதான் புரிஞ்சுது. கொசுவுக்குப் பயந்து சாயங்காலம் அஞ்சு மணிக்கே எல்லா ஜன்னலையும் மூடிடுவோம். வெளிக்காத்துல கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம். மூடின வீட்டுல நாலு பேர் தூங்கினா சுலபமா 1000-ஐத் தாண்டும். வெயில் காலத்துலயும் அதே கதைதான், ஸ்ப்ளிட் ஏசி உள்ளே இருக்கிற காத்தையேதான் திரும்பத் திரும்பக் குளிராக்குது. நாங்க விட்ட மூச்சுதான் தொட்டியில கரைஞ்சுட்டு இருந்துச்சு.

உறுதிப்படுத்த ஒரு டெஸ்ட். நீங்களும் பண்ணலாம். விடியக்காலைல ஒரு டம்ளர் தொட்டித் தண்ணி எடுத்து, பால்கனியில வச்சு, ஏர் பம்ப்ல ஒரு மணி நேரம் குமிழ் விடுங்க. எனக்கு 7.7-லேர்ந்து 8.1 ஆச்சு, எதுவும் ஊத்தாமலே. ஏறினா பிரச்சனை வீட்டுக் காத்துல. ஏறலைன்னா ஆல்கலினிட்டியை அளந்து பாருங்க.

அம்மாகிட்ட பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். அம்மா கேட்டாங்க: "காலைல எந்திரிச்சா தலை பாரமா இருக்கு, காத்தே வரலைன்னு ரெண்டு மாசமாச் சொல்றேன். மீன் சொன்னாத்தான் கேப்பியாடா?"

பதில் இல்ல. அந்த வாரமே ஹால் ஜன்னல் ரெண்டுக்கும் கொசுவலை அடிச்சோம், இப்போ ராத்திரி பூரா திறந்திருக்கு. ஏசி போடுற நாளுக்காக ப்ரோட்டீன் ஸ்கிம்மரோட காத்துக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டேன். தெருவுல கொசு மருந்துப் புகை அடிக்க வந்தா மட்டும் மறக்காம உள்ளே இழுத்துடணும். தொட்டிக்குக் கீழே இருக்கிற சம்ப்ல கீட்டோ பாசி போட்டு, மேல லைட் அணைஞ்சதும் அங்க எரியிற மாதிரி டைமர் வச்சேன். இங்க ராத்திரின்னா அங்க பகல்.

இப்போ காலைல 8.0, சாயங்காலம் 8.2. சோடா ஆஷ் டப்பாவைத் தொடறதே இல்ல. ஆல்கலினிட்டியை மட்டும் வாராவாரம் அளக்கறேன்.

அம்மா தலைவலிக்கு ஜன்னல்தான் காரணமான்னு சொல்ல நான் டாக்டர் இல்ல. ஆனா இப்போ காலைல எந்திரிச்சதும் கிராஃபைப் பாக்கறதுக்கு முன்னாடி, "தூங்கினியாம்மா?"ன்னு கேட்டுடறேன்.

உங்க தொட்டியில காலைல எவ்வளவு காட்டுதுன்னு அளந்துட்டு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பாப்போம்.