கேள்வி முதலில், கருவி பிறகு



பணியில் இருந்துகொண்டே முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள் நம்மில் பலர். உயர்கல்வி நிறுவனங்களில் அறிவு மேலாண்மை என்ற தலைப்பை எடுப்பவர்களும் உண்டு. தலைப்பு முடிவானதும் வினாநிரல் தயாரிக்க உட்கார்ந்துவிடுகிறோம். சற்றுப் பொறுங்கள். நாம் தேடும் அறிவு எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்போம்.

ஒரு கல்லூரித் துறையின் பாடத்திட்டம், பழைய வினாத்தாள்கள், கூட்டக் குறிப்பேடு எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு ஆவணப் பகுப்பாய்வு போதும். ஆனால், எந்த மாணவர் படிப்பை நிறுத்தப் போகிறார் என்பதை மூத்த பேராசிரியர் முன்கூட்டியே உணர்கிறாரே, அது எந்தக் கோப்பிலும் இல்லை. அவர் ஓய்வுபெறும் நாளில் அவரோடு போய்விடுகிறது. சொல்லில் முழுமையாக அடங்காத இத்தகைய உள்ளுறை அறிவை மைக்கேல் போலானி 1966இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார்.

இதைத் தேடிப் போய், 'நீங்கள் அறிவைப் பகிர்கிறீர்களா?' என்று வினாநிரலில் கேட்டால் 'இல்லை' என்று எழுத யாருக்கு மனம் வரும்? மாறாக, 'கடைசியாக ஒரு மாணவரை இடைநிற்காமல் காத்தது எப்போது? அன்று என்ன கவனித்தீர்கள்? யாரிடம் பேசினீர்கள்?' என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்வார். ஜான் ஃபிளனகன் 1954இல் விளக்கிய முக்கிய நிகழ்வு முறை இதுதான். சொல்ல வராதவற்றை அறிய, அருகில் இருந்து உற்றுநோக்க வேண்டும்.

குழுக் கலந்துரையாடல் எளிதாகத் தோன்றும். ஆனால் துறைத்தலைவர் முன்னிலையில் இளையவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். அங்கே தனி நேர்காணலே பொருந்தும்.

எத்தனை பேரைச் சந்திப்பது? எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். புதிய செய்தி வருவது நிற்கும்வரை தொடருங்கள். கிளேசர், ஸ்ட்ராஸ் ஆகியோர் 1967இல் முன்வைத்த நிறைவுநிலைக் கருத்தின் சாரம் இது.

ஒன்றை மறக்காதீர்கள். சிறிய துறையில் பெயரை மறைத்தாலும் பதவியைக் குறிப்பிட்டால் ஆள் தெரிந்துவிடும். நம்பிச் சொன்னவருக்கு நம் ஆய்வால் தீங்கு வரக்கூடாது.

இந்த ஆண்டு உங்கள் பள்ளியிலும் ஒருவர் ஓய்வு பெறலாம். பொன்னாடை போர்த்தும் முன், ஒரு மாலை அவரோடு உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் ஆய்வு அங்கிருந்தே தொடங்கட்டும்.