பொறையும் மூளையும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மன்னிப்பைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தபோது நான் திகைத்துப் போனேன். மன்னிப்பைப் பற்றிப் பேச வேண்டியவர் மன்னித்துப் பழகியவர் அல்லவா? நானோ ஒருவரோடு 7 வருடமாக முகங்கொடுத்துப் பேசாதிருந்தவன். அவர் பிறத்தியார் அல்லர். என் சொந்தப் பெரியப்பா.

காரணத்தைச் சொன்னால் இங்குள்ள பெரியோர்கள் சிரிப்பார்கள். எங்கள் வளவுக்கும் அவர் வளவுக்கும் நடுவே பூவரசங் கதியால் வேலி. ஒரு வருடம் வேலி அடைத்தபோது மூன்று கதியால்கள் எங்கள் பக்கம் ஒரு முழம் தள்ளி நடப்பட்டன என்பது ஐயாவின் முறைப்பாடு. உறுதி வெளியே வந்தது. நில அளவையாளர் வந்தார். பின்பு வழக்கு வந்தது. வழக்கு முடியுமுன் ஐயா முடிந்து போனார். செத்தவீட்டன்று பெரியப்பா படலைவரை வந்து நின்றார். நான் கண்டும் காணாதவன்போல் உள்ளே போய்விட்டேன். அப்போது எனக்கு வயது 15. உள்ளே வரச்சொல்ல ஒருவரும் இல்லாமல் அவர் திரும்பிப் போனார்.

அதன்பின் அவர் மனம் என்ன பாடுபட்டது என்பது எனக்குத் தெரியாது. என் சரீரம் என்ன பாடுபட்டது என்பதைப் பல்கலைக்கழகத்திலே உடற்றொழிலியல் வகுப்பில்தான் அறிந்துகொண்டேன்.

நம் மூளையின் இரு பக்கத்திலும், பொட்டுக்கு உள்ளாக, வாதுமைக் கொட்டை வடிவில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதற்கு அமிக்டலா என்று பெயர். அபாயத்தைக் கண்டு குரல் கொடுப்பது அதன் முக்கிய வேலைகளுள் ஒன்று. அது குரல் கொடுத்ததும் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் அதிரினலினையும் கோட்டிசோலையும் இரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஒழுங்கையிலே பாம்பைக் கண்டால் இது உயிர் காக்கும். ஆனால் பாம்பு போய்விடும். பழைய பகை போவதில்லை. அதை நினைக்குந்தோறும் அந்தப் பகுதி மீண்டும் குரல் கொடுக்கிறது. பெரியப்பாவின் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டாலே என் கை விரல்கள் மடங்கிக்கொள்ளும். அவர் என்னை ஒன்றும் செய்யவில்லை, கடைக்குத்தான் போய்க்கொண்டிருப்பார்.

அமெரிக்காவிலே விட்விலியட் என்னும் உளவியலாளரும் அவருடைய தோழர்களும் 2001ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 71 மாணவரிடம், தமக்குத் தீங்கு செய்த ஒருவரை நினைக்கச் சொன்னார்கள். சில வேளை பகையை வளர்க்கும் விதமாகவும், சில வேளை மன்னிக்கும் விதமாகவும் நினைக்கச் சொன்னார்கள். பகையை நினைத்த வேளைகளில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அதிகமாக ஏறின; கை வியர்த்தது; புருவத் தசை சுருங்கியது. தீங்கு செய்தவர் அந்த அறையில் இல்லை. மாணவர்களோ கதிரையில் சும்மா இருந்தவர்கள்.

பகைமைக்கு ஒரு சுவை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சூரிச் நகரில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பண விளையாட்டொன்றில் ஏமாற்றியவனைத் தண்டிக்கும்போது, மூளையிலே பரிசு கிடைத்தால் விழித்தெழும் பகுதி விழித்தெழுந்தது. தண்டிப்பதற்குத் தம் கைப்பணத்தைச் செலவிடவும் அவர்கள் பின்நிற்கவில்லை. ஒரு பரப்புக் காணிக்காக வழக்காடி நாலு பரப்பை விற்றவர்களை நாம் அறிவோம் அன்றோ?

இனி நினைவைப் பற்றி ஒரு வார்த்தை. பட்ட காயத்தின் நினைவு கல்வெட்டுப் போன்றது என்று நாம் எண்ணுகிறோம். கரீம் நாடர், ஷேஃப், லெடூ என்னும் மூவர் நியூயோர்க்கிலே எலிகளை வைத்துச் செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்துவிட்டது. பழைய பய நினைவை எலிக்கு ஞாபகப்படுத்தியவுடன் அந்த நினைவு இளகிவிடுகிறது. அது மறுபடி உறைவதற்குப் புதிய புரதம் வேண்டும். அமிக்டலாவிலே அந்தப் புரத ஆக்கத்தைத் தடுத்தபோது பயம் குன்றியது. எலிக்குப் பொருந்துவது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதாட வரவில்லை. மனிதரில் செய்த சோதனைகள் ஒரே வகையான பலனைத் தரவுமில்லை. ஆயினும் நினைவு கல்வெட்டன்று, ஏட்டுச்சுவடி. எடுத்து வாசிக்குந்தோறும் படியெடுக்கப்படுகிறது என்று கொள்ள இடமுண்டு. எந்த மனநிலையில் படியெடுக்கிறோம் என்பதே பிறகு கேள்வி. நான் 7 வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு படியெடுத்தவன்.

இவ்விடத்திலேதான் ஜெபமும் தியானமும் வருகின்றன. நான் மிஷன் பாடசாலையில் படித்தவன். விடியற்காலை ஆச்சியோடு ஐந்தெழுத்து. எட்டு மணிக்கு வகுப்பிலே கர்த்தர் கற்பித்த செபம். மன்னிப்புக் கேட்பவன் தானும் பிறரை மன்னித்திருக்க வேண்டும் என்றொரு நிபந்தனை அந்தச் செபத்தில் உண்டு. அந்த இடம் வரும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். சைவப் பிள்ளையானபடியால் மூடுகிறான் என்று ஆசிரியர் நினைத்திருக்கக்கூடும்!

இத்தாலியிலே பெர்னார்டி என்னும் வைத்தியரும் பிறரும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 23 பேரைக் கத்தோலிக்கரின் செபமாலையை லத்தீன் மொழியிலும், திபேத்திய பௌத்தரின் மந்திரம் ஒன்றையும் சொல்லச் செய்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்ற அளவுக்குத் தணிந்தது. இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் இயற்கை ஏற்பாடும் கூர்மையடைந்தது. வெளிமூச்சு நீளும்போது வேகசு என்னும் நரம்பு இதயத்தை மெல்லத் தணிக்கிறது. ஐந்தெழுத்தை அவர்கள் அளக்கவில்லை. நிதானமாக உருவேற்றினால் அளவு வேறாகும் என்று நான் நினைக்கவில்லை. ஆச்சி நெடுமூச்செறிந்து ‘சிவசிவா’ என்பதும் இந்த வைத்தியமே.

ஆனால் தியானத்தைப் பற்றி இன்று கடைவீதியில் சொல்லப்படுவதையெல்லாம் நம்பாதீர்கள். எட்டு வாரப் பயிற்சியால் மூளையின் கட்டமைப்பே மாறுகிறது என்று 2011இல் சிலர் கண்டார்கள். அதைவிடப் பெரிய ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. அதிலே அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. மூளை வளர்வதற்காக ஜெபிப்பவன், வட்டிக்காகக் கோயிலுக்குப் பணம் கொடுப்பவனைப் போன்றவன்.

சகோதரர்களே, மெய்ப்பொருள் நாயனாரை நீங்கள் அறிவீர்கள். திருநீறணிந்து வஞ்சகமாக வந்து குத்திய முத்தநாதனைத் தத்தன் வெட்டப் போனபோது, நாயனார் தடுத்து, அவனைப் பத்திரமாக நகரெல்லை கடத்திவிடச் சொன்னார். அது மன்னிப்பன்று, வேடத்துக்குச் செய்த வணக்கம் என்று பெரியோர் சொல்வர், அதை ஏற்கிறேன். என் மனம் நாடுவது தத்தனை. தன் அரசனைக் குத்தியவனைக் கொதித்து நிற்கும் ஊருக்கு நடுவே காத்துக் கூட்டிப்போனவன் அவன். அவன் மனம் ஆறியிருக்குமா? ஆறியிருக்காது. இருந்தும் நடந்தான்.

வேர்திங்டன் என்னும் அமெரிக்க உளவியலாளர் மன்னிப்பை இரண்டாக வகுக்கிறார்: தீர்மானத்தால் மன்னித்தல், உணர்ச்சியால் மன்னித்தல். முதலாவது இன்றைக்கே ஆகலாம். இரண்டாவது வருடக்கணக்கில் பின்னால் வரலாம். அவர் ஏட்டறிவு மட்டும் உள்ளவரல்லர். 1996ஆம் ஆண்டுப் புத்தாண்டு வேளையில் அவருடைய தாயார் வீடு புகுந்த திருடனால் கொல்லப்பட்டார்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லவேண்டும். இந்த மண்ணிலே 2009 வரை நடந்த போரில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும், போனவர் வருவாரா என்று இன்றும் வாசலைப் பார்த்திருப்பவர்களும் இந்தச் சபையிலேயே இருக்கலாம். அவர்களிடம் மன்னியுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, எவருக்கும் இல்லை. நீதி கேட்பது பகைமையாகாது. பதஞ்சலி முனிவர் கூட இன்புறுவோரிடம் மைத்திரி, துன்புறுவோரிடம் கருணை என்று வகுத்தவர், தீயோரிடம் உபேட்சை என்றே வகுத்தார். நட்புக் கொள் என்று பணிக்கவில்லை. நான் பேசுவது ஒரு முழ வேலிகளைப் பற்றி.

போன தைப்பொங்கலன்று நான் பெரியப்பா வீட்டுப் படலையைத் திறந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. கோபமும் முழுதாகப் போகவில்லை. வாசலிலே நின்று நாலைந்து முறை நெடுமூச்சு விட்டேன். பெரியப்பா திண்ணையில் இருந்தார். மிகவும் மெலிந்து போயிருந்தார். வேலியைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “எப்ப தம்பி வந்தனீ? கால் கழுவிப்போட்டு உள்ளுக்கு வா, பொங்கல் ஆறப்போகுது” என்றார்.