சாவு வீட்டுச் சிரிப்பு

2023 செப்டம்பர் 8-ஆம் தேதி காலை, ‘எதிர்நீச்சல்’ தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது நடிகர் மாரிமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்தது, மாரடைப்பில் காலமானார். அந்த ஆண்டுதான் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் சோதிடர்களோடு மோதியிருந்தார். தேனிப் பக்கம் சொந்த ஊரில் இறுதிச் சடங்கு முடியுமுன்னே, சோதிடர் சாபம் பலித்துவிட்டது என்று கிண்டல் கிளம்பிவிட்டது. 2021 ஏப்ரல் 17-இல் நகைச்சுவை நடிகர் விவேக் மறைந்தபோதும், அவர் போட்டுக்கொண்ட கொரோனா தடுப்பூசியை வைத்து இதே கூத்து. தடுப்பூசிக்குச் சம்பந்தமில்லை என்று அரசின் ஆய்வுக்குழு பிறகு சொன்னது.

சாவு வீட்டில் சிரிப்பே கூடாது என்று நம்மவர்கள் சொன்னதில்லை. மலேசியாவின் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத் தோட்டங்களில் வயது முதிர்ந்த பாட்டி போனால் அது கல்யாணச் சாவு. தப்பு முழங்கும், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள், மாமன் மச்சான் முறைக்காரர் கிழவியின் கஞ்சத்தனத்தைச் சொல்லி அழுதவர்களையே சிரிக்க வைப்பார். ஆனால் பாடைக்குத் தோள் கொடுப்பவரும் அவர்தான். அந்த உரிமை கைப்பேசிக் கிண்டலுக்கு ஏது? பிரபலம் பொதுச்சொத்து, விவேக்கே எல்லாரையும் கேலி செய்தவர்தானே என்பார்கள். அவர் கேலி செய்தது லஞ்சத்தையும் மூடநம்பிக்கையையும். யாருடைய பிணத்தையும் அல்ல. அவருடைய நகைச்சுவையை நினைத்து வயிறு வலிக்கச் சிரியுங்கள், அது அஞ்சலி. மரணத்தையே கேலியாக்கிய படம் வாட்சாப்பில் வந்தால், இறந்தவரின் பிள்ளையும் அதைப் பார்ப்பார் என்று எண்ணி, அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.