பிடரியும் தலைநோவும்
(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தலையில் தோன்றும் நோவுக்கெல்லாம் தலையே காரணமென்று கருதுதல் நம்மனோர் வழக்கம். யானும் அவ்வாறே கருதியிருந்தேன். இரவில் தரையிலமர்ந்து மாணாக்கரின் கட்டுரை ஏடுகளைக் குனிந்து திருத்துதல் என் தொழில். பிடரியில் தொடங்கி நெற்றிவரை ஏறும் நோவு ஈராண்டு என்னை வருத்திற்று. கண்ணாடி மாற்றினேன், தைலம் பூசினேன், மாத்திரை விழுங்கினேன், பயனில்லை. ஈற்றில் மருத்துவர் ஒருவர் என் பிடரியை விரலால் அழுத்தினார். அந்நோவே கண்ணுக்குப் பின்னே எழுந்தது. அன்றே உண்மை விளங்கிற்று.

அஃது எங்ஙனமெனிற் கூறுவேன். நமது தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அதனை 7 கழுத்தெலும்புகளும் அவற்றைப் பற்றிய தசைகளும் தாங்குகின்றன. நிமிர்ந்திருக்கையில் சுமை எலும்பின்மேல் நேராக இறங்கும். குனிந்தவிடத்துப் பிடரித் தசைகளே அதனை இழுத்துப் பிடித்தல் வேண்டும். நிறைகுடத்தை இடுப்பில் வைத்தற்கும் நீட்டிய கையில் தாங்குதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. நெடுநேரம் இறுகிய தசை நோகும். கழுத்தின் மேற்புறத்து முதல் 3 நரம்புகளும், நெற்றிக்கும் முகத்திற்கும் உரிய நரம்பும், தண்டுவடத்தின் தலைப்பில் ஓரிடத்தே கூடுகின்றன. ஆதலின், பிடரியின் முறையீட்டை மூளை நெற்றியின் முறையீடாகக் கொண்டு மயங்குகின்றது.

எல்லாத் தலைநோவும் பிடரியால் வருவதன்று. திடீரென இடிபோல் தாக்கும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், நாக்குழறல், கைகால் தளர்தல் ஆகிய இவை உண்டாயின் கணமும் தாழாது மருத்துவமனை சேர்தல் வேண்டும். மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் வலிமாத்திரை உண்பார்க்கு, நாளடைவில் அம்மருந்தே தலைநோவை வளர்ப்பதும் உண்டு.

யான் பின்னர்ச் செய்தது எளிது. ஏட்டைச் சாய்பலகைமேல் உயர்த்தி வைத்தேன். அரைமணிக்கொருமுறை எழுந்து தோளையும் கழுத்தையும் மெல்ல அசைத்தேன். சில வாரங்களில் நோவு தணிந்தது.

அன்பர்களே! நம் சங்க விடுதிப் பிள்ளைகள் புத்தகத்தைத் தரையிலும் கைப்பேசியை மடியிலும் வைத்துக் கவிழ்ந்திருத்தலை நேற்று மாலை கண்டேன். அவருள் ஒருவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "படிக்க இயலவில்லை, ஐயா" என்றான். முன்னொருகால் அவனைச் சோம்பேறியென்று கடிந்தவன் யானே. அப்பிழையை இம்மன்றத்தில் ஒப்புக்கொள்கின்றேன். பிள்ளைக்கொரு சாய்பலகை செய்தளிக்க இக்கூட்டம் இன்றே தீர்மானித்தல் வேண்டுமென விண்ணப்பித்து அமைகின்றேன். நம் மக்கள் தலை நிமிர்ந்து பயில்வாராக!