கட்டாரியின் ஹூக்ளி ஆண்டுகள்: தலைமையுரை



என்னினும் மூத்த ஆய்வாளர்கள் கூடியிருக்கும் அவையில் தலைமை இருக்கை தந்திருக்கிறீர்கள். பெருமையாக இருக்கிறது, சற்றே அச்சமாகவும் இருக்கிறது. இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி வைஸ் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரியைப் பற்றிய அரங்கை அல்வாலில் வைத்தது பொருத்தம். 1911இல் செங்கல்பட்டில் பிறந்தவர், 1983இல் பக்கத்துச் செகந்திராபாத்தில் காலமானார். அவருடைய மருமகன், 1971 போரில் பியாஸ் கப்பலை நடத்தி வீர சக்கரம் பெற்ற அட்மிரல் ராமதாஸும் 2024இல் செகந்திராபாத்தில்தான் மறைந்தார்.

அரங்கின் பொருள் அவர் தலைமையேற்றிருந்த 1958 முதல் 1962 வரையான காலம். விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் வந்தது, கோவா நடவடிக்கை, அதில் அஞ்சிதீவில் ஏழு மாலுமிகள் உயிர்நீத்தது எல்லாம் நீங்கள் அறிந்தவை. அடுத்த அமர்வுகள் விரித்துப் பேசும். எனக்கு வேறொரு வழக்கு இருக்கிறது.

தரைப்படைக்கு முதல் இந்தியத் தளபதியாக 1949இல் கரியப்பா கிடைத்தார். விமானப்படைக்கு 1954இல் சுப்ரதோ முகர்ஜி. கடற்படை மட்டும் 1958 ஏப்ரல் 22 வரை பிரிட்டிஷ் தளபதிகளின் கீழ் காத்திருந்தது. நேருவுக்கும் மவுண்ட்பேட்டனுக்கும் இருந்த நட்புதான் காரணம் என்று என் மதிப்புக்குரிய நண்பர்கள் சிலர் நெடுநாளாக எழுதிவருகிறார்கள். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. டெல்லி விருந்து மேசைகளில் தேடும் விடை மத்திய சட்டசபை விவாதப் பதிவுகளில் கிடக்கிறது.

1922 ஜனவரியில் பி.எஸ். சிவசாமி ஐயர் அங்கே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கடற்படையின் முன்னோடியும் அரசுக் கடற்சேவையுமான ராயல் இந்தியன் மரீனில் இந்தியர்களை அதிகாரிகளாகத் தாராளமாகச் சேர்க்க வேண்டும், இந்தியக் கடலிலேயே பயிற்சிக் கல்லூரி வேண்டும் என்று கேட்டது அது. நம் துறை நூல்களில் இதற்கு ஓர் அடிக்குறிப்புகூடக் கிடைப்பது அரிது. கல்லூரி வந்தது: 1927இல் பம்பாயில் டஃபரின் பயிற்சிக் கப்பல். அதன் முதல் அணியில் கட்டாரி சேர்ந்தார். 'தாராளமாக' என்ற கோரிக்கைதான் நிறைவேறவில்லை. அரசுச் சேவையில் இடம் பெற்ற இந்தியர் மிகச் சிலரே.

டஃபரினில் தேறிய கட்டாரி கல்கத்தா சென்று ஹூக்ளி ஆற்று அளவைப் பணியில் சேர்ந்தார். அந்த ஆற்றில் மணல்திட்டுகள் ஓயாமல் இடம் மாறும். நேற்றைய வரைபடத்தை நம்பி வரும் கப்பல் இன்று தரைதட்டும். 'ஜேம்ஸ் அண்ட் மேரி' என்ற திட்டின் பெயரைக் கேட்டாலே மாலுமிகள் நடுங்குவார்கள். அங்கே படகில் போய் ஆழம் பார்ப்பதும், பார்த்ததை வரைபடத்தில் ஏற்றுவதும், மறுபடி போய் ஆழம் பார்ப்பதுமே வேலை. 1939இல் போர் மூண்டு ஆள் தேவைப்பட்ட பிறகுதான் அவருக்குக் கடற்படையில் இடம் கிடைத்தது. அதுவும் தன்னார்வ ரிசர்வ் வழியாக!

பிரிட்டிஷ் தரைப்படைக் கல்லூரியான சாண்ட்ஹர்ஸ்ட் 1918இலேயே இந்தியர்களுக்குத் திறந்தது. விமானப்படைக் கல்லூரியான கிரான்வெல்லில் பயின்ற முகர்ஜி 1932இல் அதிகாரியாகிவிட்டார். ஏறத்தாழ அதே வயதுடைய கட்டாரி அப்போது போர்க்கப்பலில் கால் வைக்கவில்லை. 1956 அக்டோபரில் கப்பற்படைப் பிரிவுக்கு அவர் தளபதியானபோது, அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர்தான். இப்படிக் கணக்குப் பார்த்தால் 1958 தாமதமாகுமா? தாமதம் 1922க்கும் 1939க்கும் இடையில் நடந்தது. அதை நேருவின் தலையில் கட்டுவது அந்தக் காலத்து ஆட்சியாளர்களைச் சும்மா தப்பவிடுவதாகும்.

அவர் எழுதிய 'எ செய்லர் ரிமெம்பர்ஸ்' நினைவுநூலையும் நாம் தளபதிப் பருவத்துக்காக மட்டுமே புரட்டுகிறோம். இளமைப் பகுதியையும் அதே கவனத்தோடு படிக்க வேண்டும்.

முதல் அமர்வின் கட்டுரையாளர் என்னை மறுப்பார் என்று அறிவேன். தாராளமாக மறுக்கட்டும். சிவசாமி ஐயர் கேட்ட அதிகாரி இடங்கள் பதினேழு ஆண்டுகள் என்ன ஆயின என்பதற்கும் அதே கட்டுரையில் விடை சொல்லட்டும்.