அங்கியைக் களைந்த போதகர்

1776இல் வேர்ஜீனியாவில் லூதரன் போதகராயிருந்த பீற்றர் மியூலன்பேர்க் புரட்சிப் படையில் சேர்ந்தார். நியூயோர்க்கில் போதகராயிருந்த தம்பி பிரெட்றிக்குக் கடுங்கோபம். போதகருக்குப் போர்க்களத்திலே என்ன வேலை என்ற பொருள்படக் கடிதத்தில் கடிந்துகொண்டார். அதே ஆண்டு பிரித்தானியப் படை நியூயோர்க்கை நெருங்கவே, தம்பியே ஊரைவிட்டு அகல நேர்ந்தது. 1779இல் அவரும் பிரசங்கபீடத்தை விட்டிறங்கி அரசியலில் புகுந்தார்.

பிரெட்றிக் கல்வி கற்றது ஜேர்மனியின் ஹாலே நகரில். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் படித்தாரே சீகன்பால்கு, அவர் பயின்றதும் அங்கேதான்.

1789இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதலாவது சபாநாயகரானார் பிரெட்றிக். அதே சபையில் அண்ணன் பீற்றரும் ஓர் உறுப்பினர்! ஆயினும் அந்தப் பதவியைவிட 1796இல் அவர் அளித்த ஒரு வாக்கே பெரிதென்பேன். பிரித்தானியாவுடன் ஜோன் ஜே செய்த உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தப் பணம் ஒதுக்குவதா, இல்லையா? சபை முழுவதும் குழுவாகக் கூடியிருந்தது. 49க்கு 49. தலைமை வகித்தவர் பிரெட்றிக். தம் பக்கத்தார் வெறுத்த அவ்வுடன்படிக்கைக்குச் சாதகமாகவே வாக்களித்தார்.

சில நாள்களில் மைத்துனரே அவரைக் கத்தியால் குத்தினாரென வரலாற்றாசிரியர் எழுதுவர். உயிர் தப்பினார், காங்கிரசுக்கு மட்டும் மீளத் தெரிவாகவேயில்லை. 1801இல், 51 வயதில் அவர் இறந்தபோது, பென்சில்வேனியாவின் காணிக் கந்தோரில் பணம் அறவிடும் அதிகாரியாக இருந்தார்.